இரண்டாம் சாட்சியின் கையெழுத்து

சான் எராஸ்மோ
9 பிப்ரவரி 2002

மிக்கேலா அண்ணிக்கு,

பதினான்கு வருஷமாக நீங்கள் எனக்கு எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இப்போதும் சமாதானம் பேச வரவில்லை. ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் விலாசத்தைப் பங்குச் சாமியாரிடம் வாங்கினேன்.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை, சந்தை நாள். கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு பேர் தலைநகரத்திலிருந்து கடைக்கு வந்தார்கள். அரசாங்க வக்கீல்களாம். ஒருவன் ஒரே ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி எடுத்தான். பேரம் பேசவில்லை.

"நீங்கதானே செலஸ்தீனோ இஷ்கோயோட தங்கச்சி?" என்றான்.

"ஆமா. அதுக்கென்ன?"

"அண்ணன் செத்ததை முறையா பதிவு பண்ணி வெச்சிருக்கீங்க. ரொம்ப நன்றிம்மா."

குனிந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். இந்த ஊரில் அரசாங்கம் ஒருத்திக்கு நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. 1983 ஆகஸ்டில், இதே மாதிரி ஒரு வியாழன் பதினோரு மணிக்கு, ஜீப்பிலிருந்து இறங்கிய முகமூடிக்காரன் விரலை நீட்டிக் காட்ட, ராணுவக்காரர்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்களே, அவர்கள்கூட நன்றி சொல்லவில்லை.

நான் அந்தப் பதிவால் யாருக்கு என்ன நல்லது செய்துவிட்டேன்? நீங்கள் அங்கே கோர்ட்டில் ஏதோ வழக்கு நடத்துவதாகக் கேள்வி. மூடி மறைக்காமல் எழுதுங்கள்.

அண்ணன் அன்று காலை ஒதுக்கிவைத்த மெழுகுவர்த்திக் கட்டு மேல்தட்டில் அப்படியே இருக்கிறது. கரியால் போட்ட குறிகூட அழியவில்லை. ஆகஸ்டு வந்தால் கடையில் அந்தக் கட்டு மட்டும் வியர்க்கும். இதை வேறு யாரிடம் சொல்வது?

பெத்ரோனா


சான் ஹோசே
24 பிப்ரவரி 2002

நாத்தனாருக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆறு வருடம் வாஷிங்டனில் மனித உரிமை ஆணையத்தின் முன் கிடந்த வழக்கு, இப்போது இங்கே நம் கண்டத்து மனித உரிமை நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே அரசாங்கம் ஒரு ஆட்சேபம் போட்டிருக்கிறது. "இந்த நீதிமன்றத்துக்கு நாங்கள் கட்டுப்பட்டதே 1987 மார்ச்சிலிருந்துதான். அதற்கு முன்பே முடிந்துபோன எதையும் இது தொடக் கூடாது. ஓர் ஒப்பந்தம் பின்னோக்கிப் பார்க்காது என்பது உலக நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம். செலஸ்தீனோ இஷ்கோய் 1983 ஆகஸ்டு பதினெட்டில் காய்ச்சலில் இறந்தார்." அதற்கு அத்தாட்சியாக அவர்கள் வைத்திருக்கும் முதல் காகிதம் உன்னுடையது. முத்திரையோடு.

எங்கள் வக்கீல் இனெஸிடம் கேட்டேன். அந்தப் பொதுச் சட்டம் சரிதானாம். இந்த நீதிமன்றமும் அதை மீற முடியாதாம். ஆனால் அதே பொதுச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறதாம்: முடியாத குற்றம் பழையதாகாது. ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய், எங்கே என்று இன்றுவரை சொல்லவில்லை என்றால், அந்தக் கடத்தல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் கணக்கு. இன்று காலை நான் காபி வடிகட்டும்போதும் அவரைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். நாளையும் கொண்டுபோவார்கள். இதை நம்பித்தான் நான் நிற்கிறேன். இப்படி ஒன்றை நம்பிக்கொண்டு தூங்கப் பழகியிருக்கிறேன்.

அதை முடித்துவைப்பது உலகத்திலேயே ஒரே ஒரு காகிதம். அரசாங்கம் கொல்லாத ஆளை நீ கொன்று கொடுத்திருக்கிறாய். நன்றி சொல்லாமல் என்ன செய்வார்கள்?

மிக்கேலா


சான் எராஸ்மோ
14 மார்ச் 2002

அண்ணிக்கு,

திட்டி முடித்தீர்களா? இப்போது என் பக்கத்தையும் கேளுங்கள்.

நாற்பத்தொன்றாம் எண் கடை அண்ணன் பெயரில் இருந்தது. ஆள் இல்லாத கடையை நகராட்சி எடுத்து, ராணுவம் ஊரில் வைத்திருந்த ரோந்துப் படைத் தலைவனின் மச்சானுக்குக் கொடுக்கப் பார்த்தது. உயிரோடு இருப்பவன் பெயரில் இருந்தால் அவனே வந்து கையெழுத்துப் போட வேண்டும். செத்தவன் பெயரில் இருந்தால் வாரிசுக்கு வரும். அண்ணன் இரண்டிலும் சேர்த்தியில்லை. நீங்கள் பள்ளிக்கூட வாத்தியார், உங்களுக்குச் சம்பளம் வந்தது. தீப்பெட்டித் தட்டைத் தலையில் சுமந்து விற்று மேலே வந்தவள் நான். கடையைக் காப்பாற்றினால்தான் அண்ணன் திரும்பி வந்தால் நிற்க ஓர் இடம் இருக்கும் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். செத்துப்போனதாக எழுதிக்கொடுத்ததே அவன் வருவான் என்பதற்காகத்தான்.

பதிவாளருக்கு ஒரு பெட்டி மெழுகுவர்த்தி கொடுத்தேன். 1988 மே பத்தொன்பது, வியாழன். காய்ச்சல் என்று அவரே எழுதிக்கொண்டார். இரண்டு சாட்சி வேண்டும் என்றார். வாசலில் உட்கார்ந்திருந்த, செருப்புக்குப் பாலிஷ் போடுகிற கிழவன் ஒருவன். இன்னொருத்தனுக்கு எங்கே போவது? பதிவகத்துக்கும் ராணுவ முகாமுக்கும் அப்போது ஒரே முற்றம்தானே. பதிவாளர் ஜன்னல் வழியே கூப்பிட்டார்: "ஏய், உனக்கு எழுதத் தெரியுமா? வா இங்கே." வந்தவன் கம்பளி முகமூடி போட்டவன். சந்தையில் ஆள் காட்டுவதற்காகக் கூட்டிவந்திருப்பார்கள்.

முகமூடிக்காரன் பக்கத்தில் வந்தால் நாம் என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். அவன் கண்ணைப் பார்த்தால் விரல் நம் பக்கம் திரும்பும் என்று தலையைத் தொங்கப்போட்டு நிற்போம். நானும் அவன் பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு இல்லாத பூட்ஸ். பேனாவைப் பிடித்துக்கொண்டு அவன் வெகுநேரம் நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "சீக்கிரம் போடுங்க சாமி, கடை திறந்து கெடக்கு" என்றேன். அவன் ஒரு தடவை இருமினான். போட்டான். போனான்.

அவ்வளவுதான் நான் செய்த கொலை.

சட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு வியாபாரியாக யோசித்துப் பார்த்தேன். சந்தை முழுக்க எடைக்கு ஒரே படிக்கல், உங்கள் பொதுச் சட்டம் மாதிரி. எங்கள் மெழுகு வரிசைக்கு மட்டும் தனியாகச் சங்கக் கட்டுப்பாடு உண்டு, உங்கள் ஒப்பந்தம் மாதிரி. வரிசைக் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொண்டு படிக்கல்லை மாற்ற முடியாது. சரி. அதற்காக, படிக்கல்லைக் காட்டிக்கொண்டு வரிசைக்குப் பதில் சொல்லாமல் நழுவவும் முடியாது. சங்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, நேற்றுத் திருடிய சரக்கு இன்றும் உன் கடைக்குள்ளேதானே இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வான்? உங்கள் இனெஸ் கெட்டிக்காரி. மெழுகு விற்க வந்திருந்தால் எனக்குப் போட்டியாக இருந்திருப்பாள்.

பெத்ரோனா


சான் ஹோசே
6 ஏப்ரல் 2002

பெத்ரோனா,

உன் கடிதத்தை இனெஸிடம் வாசித்துக் காட்டினேன். படிக்கல் இடத்தில் சிரித்தாள். முகமூடி இடத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

பதிவுப் புத்தகத்தின் அந்தப் பக்கம் முழுசாக, முத்திரை வைத்த நகலாக வேண்டுமாம். அரசாங்கம் கொடுத்திருப்பது சுருக்கச் சான்றிதழ்தான். அதில் சாட்சிகளின் கையெழுத்து இல்லை. அந்த இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தால், பதிவு பொய் என்று சொல்ல ஒரு வாய் கிடைக்கும்.

செய்வாயா? வற்புறுத்தவில்லை.

இன்னொன்று. அந்தக் கட்டு உண்மையிலேயே வியர்க்கிறதா, அல்லது நீ சும்மா எழுதினாயா?

மிக்கேலா


சான் எராஸ்மோ
2 மே 2002

அண்ணி,

நகல் இதோடு இருக்கிறது. பதிவாளர் செத்து ஏழு வருஷம். பாலிஷ் கிழவன் அதற்கும் முன்பே போய்விட்டான். இரண்டாம் சாட்சி பெயர் பெத்ரோ லோப்பெஸ் என்று எழுதியிருக்கிறது. அப்படி ஒரு ஆள் இந்த ஊரில் இல்லை.

கையெழுத்தைப் பாருங்கள். நன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு என்ன தோன்றியது என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீங்கள் பார்த்ததாக இருக்கக் கூடாது.

கட்டு வியர்ப்பது நிஜம்.

பெத்ரோனா


சான் ஹோசே
20 மே 2002

பெத்ரோனா,

அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். கல்யாணத்துக்கு முன், சிமெண்டுப் பைக் காகிதத்தில். முதல் எழுத்தைக் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டுபோவார். "எல்லாரும் மேலேருந்துதானே ஆரம்பிக்கிறாங்க?" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "செடி எங்கேருந்து முளைக்குது டீச்சர்?" என்பார். கடைசிவரை மாற்றவில்லை.

பெத்ரோ லோப்பெஸ் தன் இரண்டு பெயரையும் கீழிருந்து மேலே தொடங்கியிருக்கிறார்.

மூன்று நாளாக இந்த நகலை மேசைமேல் கவிழ்த்துவைத்திருக்கிறேன். திருப்பினால் யாரோ அறைக்குள் வந்து நிற்பது போலிருக்கிறது. நான் பைத்தியம் என்று எழுது. சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன்.

பெயருக்குக் கீழே ஏதோ கிறுக்கியிருக்கிறதே, அது என்ன? இனெஸுக்கும் புரியவில்லை. பேனா வழுக்கியிருக்கலாம் என்கிறாள்.

மிக்கேலா


சான் எராஸ்மோ
8 ஜூன் 2002

அண்ணி,

பேனா வழுக்கவில்லை.

ஒரு ஆள் சரக்கை எடுத்துவைத்துவிட்டு, பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனால், அந்தக் கட்டின்மேல் அண்ணன் கரியால் ஒரு குறி போடுவான். குறுக்கே இரண்டு கோடு, அடியில் ஒரு கொக்கி. விற்பனைக்கு இல்லை, உரியவர் வருவார், வைத்திரு என்று அர்த்தம். அவனாக ஏற்படுத்தியது. எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். பக்கத்துக் கடைக்காரனுக்கு அது கிறுக்கல். உங்களிடம் சொல்ல அவனுக்குத் தோன்றியிருக்காது, கடை விஷயம்தானே.

மேல்தட்டுக் கட்டைக் கீழே இறக்கி நகலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொக்கியின் வளைவுகூட மாறவில்லை.

தன் சாவுக்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடியில் எனக்கு எழுதியிருக்கிறான்: வைத்திரு, வருவேன். பிடித்துப்போனவர்களுக்கே முகமூடி மாட்டி ஆள் காட்டச் சொல்வார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டது நிஜம்தான். நான் தலை தூக்கவில்லை அண்ணி. ஒரு கை நீளம்தான் இருந்திருக்கும். அவன் விரல் அன்று யாரையும் காட்டவில்லை, பேனாவை மட்டும் பிடித்திருந்தது. அவனைப் பார்த்து நான் சொன்னது என்ன? கடை திறந்து கிடக்கிறது, சீக்கிரம் போடு.

அவன் இருமினான் என்று எழுதியிருந்தேன். அது இருமல் இல்லை. அண்ணன் சிரிப்பை அடக்கினால் தொண்டையில் அப்படித்தான் ஒரு சத்தம் வரும். உங்களுக்குத் தெரியும்.

பதிவகத்தில் நகல் வாங்கிய செய்தி யாருக்கோ எட்டியிருக்கிறது. போன வியாழன் காலை கடையைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. உள்ளே, தராசுத் தட்டில், மடித்துவைத்த கம்பளி முகமூடி ஒன்று. துவைத்து, சுத்தமாக.

பயந்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு அதைக் காகிதத்தில் சுற்றி, அண்ணனின் குறியை அதன்மேல் கரியால் போட்டு, மேல்தட்டில் வைத்துவிட்டேன். உரியவர் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

பெத்ரோனா


சான் ஹோசே
15 செப்டம்பர் 2002

பெத்ரோனா,

உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உன்னைச் சபித்திருந்தேன். இரண்டாவதில் அந்த முற்றத்தில் உன் இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்தேன். நானும் பூட்ஸைத்தான் பார்த்திருப்பேன். அதனால்தான் இரண்டையும் கிழித்தேன். மூன்றாவதில் ஒன்றுமே எழுதவில்லை, வெறும் உன் பெயர்.

இனி இனெஸ் சொன்னதை எழுதுகிறேன். 1988 மே மாதம் அவர் உயிரோடு அரசாங்கத்தின் கையில் இருந்தார் என்று காட்டிவிட்டால், அரசாங்கத்தின் ஆட்சேபம் அவர்கள் காகிதத்தாலேயே விழுந்துவிடும். கடத்தலை மட்டுமல்ல, அந்த நாளுக்குப் பிறகு அவரை என்ன செய்தார்கள் என்பதையும் நீதிமன்றம் கேட்கலாம். எதுவும் பின்னோக்கிப் பார்ப்பதாகாது. பொதுச் சட்டமும் மீறப்படாது, நம் ஒப்பந்தமும் ஊமையாகாது.

ஆனால் எழுத்தை நான் அடையாளம் சொன்னால் போதாது. குறியைச் சொல்ல உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் நீதிபதிகள் முன் நின்று, பொய்ப் பதிவுக்கு லஞ்சம் கொடுத்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கடை போகலாம். உன் ஊரில் தராசுத் தட்டு இருக்கிறது, அதில் அடுத்து என்ன வைப்பார்களோ.

நான் கேட்க மாட்டேன். பதினான்கு வருடம் உன்னைக் கொலைகாரி என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கிற உரிமை இல்லை.

மிக்கேலா


சான் எராஸ்மோ
30 செப்டம்பர் 2002

அண்ணிக்கு,

நீங்கள் கேட்கவே வேண்டாம். கேட்டது அண்ணன். பதினான்கு வருஷம் தாமதமாகப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தேதி சொல்லுங்கள். சந்தை இல்லாத வாரமாக இருந்தால் நல்லது. அங்கே குளிருமா? உங்கள் வீட்டில் படுக்க இடம் இருக்கிறதா, அல்லது சண்டை போட்டுக்கொண்டே நின்றபடி தூங்க வேண்டுமா?

பெத்ரோனா


சான் ஹோசே
12 ஜூலை 2003

பெத்ரோனா,

தீர்ப்பு வந்துவிட்டது. ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார்கள். எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில். இனி அவர் எங்கே என்று அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும். பொய்ப் பதிவை ரத்து செய்யவும் உத்தரவு. இனெஸ் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "இன்னும் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார்கள்" என்பதற்கு இப்போது முத்திரையும் விழுந்துவிட்டது, அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ சாட்சி சொன்ன நாள்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அந்த அரசாங்க வக்கீல், உன்னிடம் மெழுகுவர்த்தி வாங்கியவன், எழுந்து நின்றான். "கைக்கெட்டுற தூரத்துல நின்ன சொந்த அண்ணனைப் பாக்கலன்னு சொல்றீங்க. இதை யாரும்மா நம்புவாங்க?"

"ஐயா, அந்த வருஷம் நீங்க எந்த ஊர்ல இருந்தீங்க?" என்று கேட்டாய்.

"அது இங்க தேவையில்லாதது."

"எங்க ஊர்ல இருந்திருந்தா நீங்களும் தரையைத்தான் பாத்திருப்பீங்க. இப்பவும் பாருங்க, நான் பேச ஆரம்பிச்சதுலேருந்து நீங்க என் முகத்தைப் பாக்கவே இல்ல."

அவன் நிமிர்ந்தான்.

உன் போர்வையை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அனுப்பட்டுமா, வந்து எடுத்துக்கொள்கிறாயா?

உன் அண்ணி


சான் எராஸ்மோ
6 நவம்பர் 2003

அண்ணிக்கு,

போர்வை அங்கேயே இருக்கட்டும். மேலே குறி போட்டுவையுங்கள்.

உத்தரவு ஊருக்கு வந்து சேர மூன்று மாதம் பிடித்தது. புதுப் பதிவாளர் சின்னப் பெண். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'இப்பதிவு செல்லாது' என்று எழுதி முத்திரை குத்தினாள். "இப்ப இவரு சட்டப்படி என்னம்மா?" என்று என்னையே கேட்டாள். "அதைத்தான் அரசாங்கம் சொல்லணும்" என்றேன்.

நகராட்சிக்கு விஷயம் போனது. லஞ்சம் கொடுத்தவளுக்கு வாரிசு உரிமை இல்லையாம். கடையை என் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் யார் பெயருக்கு மாற்றுவது? அண்ணன் செத்ததற்குக் காகிதம் இல்லை. சாகாதவன் கடையை, அதுவும் எங்கே என்று நீதிமன்றமே கேட்கிற ஆளின் கடையை, இப்போது வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் நாற்பத்தொன்றாம் கடை மறுபடியும் செலஸ்தீனோ இஷ்கோய் பெயரில் நிற்கிறது. நான் இப்போது அவன் கடையைப் பார்த்துக்கொள்பவள்.

சகல புனிதர் திருநாளுக்குச் சரக்கு நன்றாகப் போனது. எல்லோரும் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். நான் அண்ணனுக்கு ஏற்றவில்லை. ஏற்றவும் மாட்டேன்.

இன்று வியாழன். பதினோரு மணிக்குச் சந்தைக் கணக்கர் புது ஏட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார். கடைக்காரர் பெயரை உரக்க வாசிப்பார், ஆள் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். நாற்பது முடிந்தது.

"செலஸ்தீனோ இஷ்கோய்."

இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அந்த இடத்தில் ஒருவர் உரக்கக் கூப்பிடுகிறார். எதிர்க்கடைக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"செலஸ்தீனோ இஷ்கோய்! ஆள் இருக்காரா இல்லையா?"

"வருவாரு, எழுதிக்குங்க" என்றேன்.

அப்போது எனக்குப் பின்னால், கூட்டத்தில், யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தொண்டைக்குள், ஒரே ஒரு தடவை.

நான் குனியவில்லை அண்ணி. திரும்பினேன். அங்கே நின்ற ஒவ்வொரு முகத்தையும், தொப்பியைத் தாழ்த்தி இருந்தவர்களை நிமிரச் சொல்லியும், பார்த்தேன். வரிசைக் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணன் முகம் அதில் இல்லை.

கடை திறந்துதான் கிடந்தது. யாரும் எதையும் தொடவில்லை. மேல்தட்டில் கட்டு வியர்த்திருந்தது, நவம்பர் குளிரில்.

பெத்ரோனா
நாற்பத்தொன்றாம் கடை, செலஸ்தீனோ இஷ்கோய்க்காக